அலுமாரியின் திறப்பு யாரிடம்?

யாழ்ப்பாணத்து ஊர்ச் சனசமூக நிலையங்களின் நிர்வாக சபையினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர், செயலாளர், பொருளாளர்மாருக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,



வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஊருக்கு ஒன்றாய், சில ஊர்களில் குறிச்சிக்கு ஒன்றாய் இருக்கிற நிலையங்கள் அனைத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முன் விறாந்தையில் அன்றைய பத்திரிகைகள், உள்ளே ஒரு கரம்போட், சுவரில் காலஞ்சென்ற தலைவர்களின் படங்கள், மூலையில் ஒரு பூட்டிய அலுமாரி. உங்கள் நிலையம் இதிலிருந்து பெரிதாக வேறுபடாது என்று நினைக்கிறேன். அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் "பழைய புத்தகங்கள்" என்பார்கள். திறப்பு எங்கே என்று கேட்டால் முந்திய செயலாளரிடம். முந்திய செயலாளர் கனடாவில்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இந்த ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு நிலையமும் தன் ஊருக்கு ஒரு பதிவேடு எழுத வேண்டும். ஊரில் பழையதாய் மிஞ்சியிருப்பது எது, அது யாரிடம் இருக்கிறது, அதைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று. அது முடியும்வரை ஊரில் எந்தப் பழைய கட்டடத்தையும் புதுப்பிக்கவோ இடிக்கவோ அவசரப்படக் கூடாது.

"மரபைப் பேண யாழ்ப்பாணப் பட்டினத்திலேயே பெரிய பெரிய இடங்கள் இருக்கின்றனவே" என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கின்றன. புல்லுக்குளத்தருகே பதினொரு மாடியில் இந்தியா கட்டித்தந்த கலாசார நிலையம் நிற்கிறது. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2023 பெப்ரவரியில் அதை நம்மிடம் கையளித்தார்கள். 2025 தொடக்கத்தில் அதற்குத் திருவள்ளுவர் பெயரைச் சூட்டியபோது யாழ்ப்பாணம் என்ற சொல் விடுபட்டுப்போக, நாம் எழுப்பிய சத்தம் கொழும்புவரை கேட்டது. பிறகு அந்தச் சொல் வந்து சேர்ந்தது. சத்தம் போட்டதில் பிழையில்லை. ஆனால் பலகையில் பெயர் இல்லையென்று வந்த கோபத்தில் ஒரு துளியாவது ஊர் மடம் இடிபட்டபோது வந்திருந்தால் இந்த மடலுக்கு வேலையிருந்திராது.

நாவலர் வீதியில் தொல்பொருள் அருங்காட்சியகம் உண்டு. நாவற்குழியில் சிவபூமி அறக்கட்டளை 2020இல் ஒரு அருங்காட்சியகம் திறந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே வரிசையில் போகிறார்கள். பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத்துறை இருக்கிறது. இவற்றில் எதுவும் உங்கள் வைரவர் கோயிலடிச் சுமைதாங்கியைத் தேடி வராது, வரவும் ஏலாது. ஒரு பேராசிரியரும் நாலு மாணவரும் குடாநாட்டின் ஒழுங்கை ஒழுங்கையாய் நடந்து முடிக்க எத்தனை காலம் வேண்டும்? அந்த ஒழுங்கைகளில் நீங்கள் தினமும் சைக்கிளில் போகிறீர்கள்.

சட்டம் காக்கும் என்றும் இருந்துவிடாதீர்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தில் ஒரு தேதி இருக்கிறது: 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது என்று கொள்ளக்கூடிய கட்டடமே தானாகத் தொல்சின்னம் ஆகும். பிந்தியது என்றால் அதைத் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். கண்டியில் நடந்த ஒரு கையெழுத்து, நம் ஊர் நாற்சார் வீட்டின் வயதைத் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத்து ஊர்களில் இன்று நிற்கும் பழமையின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டினது: நாற்சார் வீடுகள், சங்கடப்படலைகள், கேணிகள், ஆவுரஞ்சிக் கற்கள், மிசன் பள்ளிக்கூடங்கள், சுருட்டுக் கொட்டில்கள். சட்டத்தின் கண்ணில் இவை வெறும் பழைய கட்டடம்.

தொல்லியல் திணைக்களம் என்றாலே நம் சனம் ஒரு அடி பின்வாங்குவதும் எனக்குத் தெரியும். ஒரு பலகை வந்தால் அடுத்து வேலி வரும், வேலிக்குப் பிறகு காணி போகும் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. கந்தரோடையைப் பாருங்கள். போல் பீரிஸ் என்ற நீதவான் 1917 தொடக்கம் அங்கே தோண்டினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்து தோண்டினார்கள். அங்கே நிற்கும் சிறு தூபிகள் யாருடையவை, எந்தக் காலத்தவை, தமிழ்ப் பௌத்தம் என்று ஒன்று இருந்ததா என்று நூறு ஆண்டாக வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் கந்தரோடைச் சனத்தின் குரல் எத்தனை பக்கம்? அங்கே எந்த வயலில் என்ன மட்பாண்டம் கிளம்பியது, எந்தக் கிணறு வெட்டும்போது என்ன காசு கிடைத்தது என்று ஊரார் ஒரு கொப்பியில் குறித்து வந்திருந்தால், இன்று எவர் என்ன பலகை நட்டாலும் எடுத்துக் காட்ட ஒரு கையெழுத்து இருந்திருக்கும்.

இனி உங்களுக்குப் பிடிக்காத விசயம்.

1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த பொதுநூலகத்தை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 1990 முற்றுகையில் கோட்டைக்குள் இருந்த, 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் தரைமட்டமானது. அதே ஆண்டில் வலிகாமம் வடக்கு ஊர்கள் வெறுமையாகின. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. திரும்பி வந்தபோது வீடுகளில் கூரை இருக்கவில்லை, றங்குப்பெட்டி இருக்கவில்லை. இவ்வளவையும் வேறு யாரோ செய்தார்கள். 2009இல் போர் முடிந்தபிறகு நடப்பதை நாமே செய்கிறோம், காசு கொடுத்து.

திருப்பணி என்கிறோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சுவிசிலும் ஊர்ச்சங்கம் கூடிப் பணம் சேர்க்கிறது. வந்த பணத்தை அந்த ஆண்டிலேயே செலவழித்துக் காட்ட வேண்டும். முதலில் போவது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய மண்டபம். அடுத்துச் சுவாமி வாகனங்கள்: எத்தனையோ தலைமுறைக்கு முந்திய தச்சனின் உளி வேலைமேல் பளபளவென்று இனாமல் பெயின்ற் ஏறுகிறது. பனஞ் சிலாகைக்குப் பதில் இரும்பு, சீமெந்துத் தரைக்குமேல் மாபிள். மடத்தை இடித்த இடத்தில் கல்யாண மண்டபம். இடிக்காமல் விட்ட சுவருக்குச் சீமெந்து பூசுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை மூச்சாக விடும், சீமெந்து அதை உள்ளே அடைத்துவிடும், சில மாரி கழிய உள்ளிருந்தே சுவர் உளுத்துக் கொட்டும். பிறகு "பழைய சுவர், நிக்காது" என்று அதையும் இடிக்கலாம்.

கோயில் ஆதீனகர்த்தாக்களையோ வெளிநாட்டிலுள்ள உறவுகளையோ பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் ஊரை மறக்காததால்தான் காசு அனுப்புகிறார்கள். எதைத் தொடக் கூடாது என்று ஊரில் எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். பருத்தித்துறையில் வீதிக்குக் குறுக்கே கூரை போட்டு நிற்கும் தெருமூடி மடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வழிப்போக்கருக்கு நிழலும் திண்ணையும் கொடுத்து, தெருவையும் மறிக்காமல் நிற்கும் அப்படியொரு கட்டடத்தை எந்தப் பொறியியலாளரும் இன்று நமக்கு வரைந்து தரமாட்டார். அது நின்றதற்கு ஒரே காரணம், அதை இடித்து அகலிக்கலாம் என்று எவராவது சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவும் எவராவது இருந்ததுதான் என்றே நினைக்கிறேன்.

பதிவேட்டில் எதை எழுதுவது? கட்டடங்களோடு நின்றுவிட வேண்டாம். நான் முதலில் தேடச் சொல்வது அந்தியேட்டி அன்று வீடுகளில் கொடுக்கும் கல்வெட்டுகளை. நினைவு மலர் என்று இப்போது சொல்கிறோம். தேவாரம், பஞ்சபுராணம், நன்றி நவிலல் என்று புரட்டிப்போட்டு ஒரு மாதத்தில் பழைய பேப்பரோடு எறிகிற புத்தகம். அதற்குள் ஐந்தாறு தலைமுறை வம்சாவளி இருக்கும். மலாயாவுக்குப் போய் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்த பாட்டன் இருப்பார். எந்த ஊரில் எந்த ஊர் பெண் எடுத்தது, யார் பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தது, இடப்பெயர்வில் யார் எங்கே இறந்தது எல்லாம் இருக்கும். அரச ஆவணத்தில் கிடைக்காத யாழ்ப்பாண வரலாறு இந்த மெல்லிய புத்தகங்களில் சிதறிக் கிடக்கிறது. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் இதை விளங்கிக்கொண்டு, இலக்கியத்தோடும் சஞ்சிகைகளோடும் நினைவு மலர்களையும் கோயில் மலர்களையும் பள்ளிக்கூட நூற்றாண்டு மலர்களையும் மின்வருடி இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லாதவை உங்கள் ஊர் வீடுகளில்தான் இருக்கின்றன.

காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். ஓவியர், விளம்பரப் பலகை எழுதியவர். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் இறந்தபின் அந்தச் சேகரத்தைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே ஒரு ஆய்வு நூலகமாக்கியது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதப்போகிற எவரும் அங்கே போகாமல் எழுத முடியாது. நமது பொதுநூலகமும் அப்படித்தான் பிறந்தது: 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் இருந்து புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை, 844 நூல்கள், முப்பது பத்திரிகை சஞ்சிகைகள். தொடங்கியபோது அது உங்கள் நிலையத்தைவிடப் பெரிதாக இருக்கவில்லை.

வரலாறு எழுதுவதிலும் நம்மவர்கள் நிறுவனம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியது ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்காக. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1912இல் யாழ்ப்பாணச் சரித்திரம் எழுதினார், க. வேலுப்பிள்ளை 1918இல் வைபவ கௌமுதி எழுதினார். 1926இல் முதலியார் இராசநாயகம், 1928இல் சுவாமி ஞானப்பிரகாசர். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார், அச்சிலேயே சண்டை பிடித்தார்கள். பல்கலைக்கழகம் இங்கே வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. வைபவமாலை இன்றைக்கும் நம் கையில் இருப்பது, 1879இலேயே பிறிற்றோ அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டதாலும், பிறகு தமிழிலும் பலமுறை அச்சேறியதாலும். நூலகம் எரிந்தபோது மீளாமற் போனவை ஒற்றைப் பிரதிகள்.

ஒற்றைப் பிரதியாய் இன்னும் இருப்பவை எவை தெரியுமா? அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகள். வட்டுக்கோட்டை வடமோடி, குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கத்துத் தென்மோடி, ஊர் ஊராய்க் காத்தவராயன். அரங்கில் ஆடியவை பலருக்கும் தெரியும்; பாட்டு எழுதிய கொப்பி ஒரு வீட்டில்தான். அதைவிட மோசம், கொப்பியிலே இராகமும் இல்லை ஆட்டமும் இல்லை. காங்கேசன்துறை வைரமுத்து மயான காண்டம் இசைநாடகத்தில் பாடியதில் ஒலிப்பதிவானது மிஞ்சியது. ஆகாதது கேட்டவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. இணுவிலிலும் அளவெட்டியிலும் தவிலும் நாதசுரமும் தொழிலாயிருந்த குடும்பங்களில் எண்பது வயதுக்காரர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தி எந்தக் கோயில் வீதியில் யாரோடு விடியவிடிய வாசித்தார் என்று சொல்வார்கள். போனை முன்னால் வைத்து ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

வசதியில்லாத காலத்திலும் செய்தவர்கள் என்றால் திருமறைக் கலாமன்றம் நினைவுக்கு வருகிறது. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கியது. கூத்து, இசைநாடகம், பாஸ்கு என்று போட்டார்கள். ஷெல் விழுகிற காலத்திலும் ஒத்திகை பார்த்தார்கள். 1990இல், இங்கே கடதாசியே கிடைக்காத நாட்களில், 'கலைமுகம்' சஞ்சிகையைத் தொடங்கினார்கள். அடிகளார் 2021 ஏப்ரலில் மறைந்தார். அதற்குள் அவர் விட்டுப்போன நாடகப் பிரதிகளும் படங்களும் சஞ்சிகைகளும் ஒரு காலத்தின் சாட்சியாகிவிட்டன. கலை செய்கிறவர்கள் தாம் செய்ததையும் எழுதிவைத்த அபூர்வமான இடம் அது.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதாமல் விட்டால் மடல் பாதி மடல். உங்கள் பதிவேட்டில் உங்களுக்குப் பெருமை தருவது மட்டும் இருந்தால் அது பதிவேடாகாது. சாதி பார்த்து ஊர்க்கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ள ஏலாது என்றிருந்த காலத்தையும் எழுதுங்கள். 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த கோயில் நுழைவுப் போராட்டம் உங்கள் ஊரில் எப்போது, எப்படி நடந்தது அல்லது நடக்கவில்லை என்று எழுதுங்கள். கே. டானியல் நாவலாக எழுதியதை ஊர்கள் வரலாறாக எழுதவில்லை. வெளியே நின்றவர்களின் பிள்ளைகளைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்; நிர்வாக சபையில் அவர்களில் ஒருவரும் இல்லையென்றால் முதலில் அதைக் கவனியுங்கள். பட்டினத்து நிலையங்களுக்கு இன்னொரு கடன் இருக்கிறது. 1990 ஐப்பசியில் சோனகத்தெருவில் இருந்து ஒரே நாளில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனத்தின் கடைகள், பள்ளிக்கூடம், பள்ளிவாசல், வீட்டுப் பெயர்கள் எல்லாம் யாழ்ப்பாணத்து மரபுதான். அவர்களில் இப்போது புத்தளத்தில் இருக்கும் முதியவரிடம் கேட்டால் ஒழுங்கை ஒழுங்கையாய்ச் சொல்வார்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிங்கள அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானை குதிரை ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றியது உடைந்தால் பாதிக்குப் பாதி. தமிழிலே ஆணையிட்ட சிங்கள அரசன், ஊராத்துறைக்கு வந்த பரதேசி வணிகர், உடைந்த கப்பலுக்குச் சட்டம்: நம்மை நாமே சின்னதாக எண்ணிக்கொள்ளும் நாட்களில் படிக்க வேண்டிய கல் இது. கா. இந்திரபாலா அதை வாசித்து அறுபதுகளில் வெளியிட்டார். அதற்கு முன் எத்தனை தலைமுறை அதன் பக்கத்தால் கும்பிட்டுக்கொண்டு போயிருக்கும்? உங்கள் ஊர்க் கோயிற் படிக்கட்டில் எழுத்துள்ள கல் ஒன்றைப் புரட்டிப் போட்டிருக்கிறார்களா என்று போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

வேலையை எப்படித் தொடங்குவது என்று சொல்கிறேன். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள். இரண்டு பேரைப் பிடியுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இலக்கம், ஒரு பக்கம். எங்கே இருக்கிறது, யார் சொன்னார், எந்தத் தேதியில் பார்த்தோம். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வையுங்கள். அளவு தெரியாத படம் பிறகு பாதிதான் உதவும். வீட்டுக்காரர் விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், "பொருள் உங்களுடையதே, எங்களுக்குப் படம் மட்டும் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். ஓலை ஏடு கிடைத்தால் எண்ணெய் பூசாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், கட்டைப் பிரித்து அடுக்காதீர்கள். பல்கலைக்கழகத்துக்கோ நூலக நிறுவனத்துக்கோ சொல்லி அனுப்புங்கள். கிழிந்த கடதாசியைச் செலோரேப்பால் ஒட்டாதீர்கள். பழைய உறுதி, பழைய படம் எதையும் லமினேற் பண்ணாதீர்கள். பாதுகாப்பென்று நினைத்துச் செய்வது அது, பிறகு பிரிக்கவே ஏலாது.

முதியவர்களிடம் போகிறபோது ஆண்களிடம் மட்டும் போய்விட்டு வந்துவிடுவது நம் பழக்கம். எந்த வளவுக்கு என்ன பெயர், எந்தக் கிணறு எப்போது உவரானது, எந்த வீட்டில் என்ன கூழ், யாருடைய ஒப்பாரி எப்படி இருக்கும் என்பதெல்லாம் ஆச்சிமாருக்குத் தெரியும். அவர்களைக் கேட்கத் தங்கைமார்தான் போக வேண்டும்.

எழுதியதில் குறைந்தது மூன்று பிரதி வேண்டும். ஒன்று நிலையத்தில், ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில், மூன்றாவது மின்வருடி நூலக நிறுவனத்தில். பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தருக்கும் ஒன்று கொடுக்கலாம். ஆனால் அவருக்குக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டு ஊர்ச்சங்கத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். அடுத்தமுறை அவர்கள் காசு அனுப்பும்போது எந்த இலக்கத்துக்குரிய கட்டடத்துக்கு என்று கேட்டு அனுப்பட்டும்.

பிழைகள் வரும். ஒரு வீட்டார் சொன்னதை இன்னொரு வீட்டார் மறுப்பார்கள், காணி வழக்குக்கு ஆதாரம் தேடுகிறீர்கள் என்று சந்தேகப்படுவார்கள், கோயிலில் எந்தத் திருவிழா யாருடையது என்ற பழைய சண்டை கிளம்பும். இரண்டு பேர் சொன்னதையும் அருகருகே எழுதிவிடுங்கள். ஊரில் நீதிபதியாகும் வேலையை உங்களுக்கு யாரும் தரவில்லை.

உங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் தையிலோ மாசியிலோ வரும். நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரைக்கும் விளையாட்டு விழாவுக்கும் நடுவே இதை ஒரு விடயமாகப் போடுங்கள். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், கொப்பிக்கும் போட்டோப் பிரதிக்கும் மூவாயிரம் ரூபாய். பொருளாளர் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
வாசிகசாலையில் பத்திரிகை படித்து வளர்ந்த ஒருவன்